திரை வழியே போகும் காசு: நேரலைக்குப் பணம் அனுப்புவது பற்றி ஒரு பாடம்



சில வாரங்களுக்கு முன் ஒரு சகோதரி நம் அறக்கட்டளைக்கு வந்தார். பட்டுச் சேலைகளுக்கு முந்தானைக் குஞ்சம் கட்டிக் கொடுத்துக் குடும்பம் நடத்துபவர். மகனின் டியூஷன் கட்டணத்துக்குக் கைமாற்றாகக் கொஞ்சம் பணம் கேட்டார். அதற்கென்று சேர்த்து வைத்திருந்த 3,200 ரூபாய் வங்கிக் கணக்கில் இல்லை. மகனைக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்திருக்கிறது. கைப்பேசியில் விளையாட்டு நேரலை நடத்தும் ஒருவருக்கு 40, 100, 200 என்று சிறுகச் சிறுக அவன் அனுப்பியிருக்கிறான். பத்தே நாளில் எல்லாம் போய்விட்டது.

"ஏன்டா அனுப்பினே?" என்று அம்மா கேட்டதற்கு அந்தப் பையன் சொன்ன பதில்தான் நம்மை இந்தப் பாடத்தை எழுத வைத்தது. "அவரு என் பேரைச் சொன்னாரும்மா" என்றான்.

அவனைத் திட்டுவது எளிது. ஆனால் இது எப்படி நடக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றிலிருந்து பிள்ளையைக் காக்க முடியாது. ஆகவே முதலில் தெரிந்துகொள்வோம். பிறகு மார்க்கம் இதில் நமக்கு என்ன வழி காட்டுகிறது என்று பார்ப்போம்.

1. இது எப்படி வேலை செய்கிறது?

நேரலை என்பது ஒருவர் பேசுவதை, பாடம் நடத்துவதை, விளையாடுவதை அதே நேரத்தில் மற்றவர்கள் பார்ப்பது. பார்ப்பவர்கள் பக்கத்திலேயே எழுதவும் செய்யலாம். ஆயிரம் பேர் எழுதும்போது ஒருவருடைய எழுத்து நொடியில் மேலே ஓடி மறைந்துவிடும். பணம் கொடுத்தால் மட்டும் அது நிற்கும். யூடியூபில் 2017ஆம் ஆண்டு வந்த 'சூப்பர் சாட்' இப்படிப்பட்டதுதான். தொகை கூடக் கூட நிறம் மாறும். எழுத்து மேலே நிற்கும் நேரமும் கூடும். பெரிய தொகைக்கு ஐந்து மணி நேரம் வரைகூட நிற்கும். நேரலை நடத்துபவரும் அதைப் பார்த்துப் பெயர் சொல்லி நன்றி சொல்வார்.

டிக்டாக்கில் முறை வேறு. முதலில் உண்மைப் பணம் கொடுத்து 'காயின்' வாங்க வேண்டும். அந்தக் காயினைக் கொண்டு ரோஜாப் பூ, தொப்பி, சிங்கம் என்று படங்களைப் பரிசாக அனுப்பலாம். வாங்கியவர் கணக்கில் அது 'டைமண்ட்' என்று சேரும். அதைத்தான் அவர் பணமாக மாற்றிக்கொள்வார். நம் நாட்டில் டிக்டாக், பிகோ லைவ் உட்பட 59 செயலிகள் 2020 ஜூன் 29ஆம் தேதி தடை செய்யப்பட்டன. ஆனால் வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் கைப்பேசியில் டிக்டாக் இருக்கிறது. ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி அல்ல.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நூறு ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுக்கும்போது கை தயங்கும். அதே நூறு ரூபாய் ஒரு பூவாகவோ சிங்கமாகவோ மாறிவிட்டால் தயக்கம் போய்விடும். இத்தனை காயின் என்றால் எத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றாது. நேரலை நடத்துகிற சிலர் இருவராகப் போட்டி போட்டு, "இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது, தோற்கப் போகிறேன்" என்று பார்ப்பவர்களை அவசரப்படுத்துவதும் உண்டு. அவசரத்தில் கொடுப்பது யோசித்துக் கொடுப்பதாகாது.

2. கொடுத்ததில் எவ்வளவு போய்ச் சேருகிறது?

யூடியூப் சூப்பர் சாட்டில் வரியும் பிற கட்டணங்களும் போக மிஞ்சுவதில் 70 சதவீதம் நேரலை நடத்துபவருக்கு. 30 சதவீதம் நிறுவனத்துக்கு. இது நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லும் கணக்கு.

இன்னொரு கணக்கு நெஞ்சை வருத்துவது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் பிபிசி ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. சிரியாவின் வடமேற்கில் போரால் வீடிழந்து முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்கள், பிள்ளைகளை உட்கார வைத்து டிக்டாக் நேரலையில் மணிக்கணக்காக உதவி கேட்டுக்கொண்டிருந்தன. அவர்களுக்குக் கைப்பேசியும் இணைய வசதியும் கொடுத்து இதை நடத்தியவர்கள் இடைத்தரகர்கள். பணம் எங்கே போகிறது என்று அறிய, பிபிசி செய்தியாளர்கள் 106 டாலர் மதிப்புள்ள பரிசுகளை அனுப்பிப் பார்த்தார்கள். மறுமுனையில் கணக்கில் சேர்ந்தது 33 டாலர். அதை ரொக்கமாக மாற்றிய கடையில் 10 சதவீதம் போனது. மீதியில் 35 சதவீதத்தை இடைத்தரகர் எடுத்துக்கொண்டார். கடைசியில் ஒரு குடும்பத்தின் கைக்கு மிஞ்சுவது 19 டாலர்தான். தங்கள் பங்கு 70 சதவீதத்தைவிட மிகக் குறைவு என்று டிக்டாக் மறுத்தது. ஆனால் சரியான அளவு எவ்வளவு என்று சொல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள். அழுகின்ற ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து, அல்லாஹ்வுக்காக என்று நினைத்து ஒருவர் 106 டாலர் கொடுக்கிறார். அதில் 87 டாலர் அந்தக் குழந்தையைச் சேரவில்லை. கொடுத்தவருக்கு அவருடைய நிய்யத்துக்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. ஆனால் குழந்தைக்கு வர வேண்டிய ரொட்டி வழியிலேயே போய்விட்டது. நிய்யத் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, பணம் போகும் வழியையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

3. நம் மாநிலத்தில் நடந்தது

'பப்ஜி மதன்' என்ற பெயரைப் பல வீடுகளில் பிள்ளைகள் அறிவார்கள். பப்ஜி விளையாட்டை யூடியூபில் நேரலையாக நடத்திப் பெரும் கூட்டத்தைச் சேர்த்தவர். பார்த்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆபாசமாகப் பேசுகிறார் என்று புகார்கள் வந்து, 2021 ஜூன் மாதம் சென்னை மத்திய குற்றப்பிரிவு போலீசார் அவரைத் தருமபுரியில் கைது செய்தார்கள். கொரோனா காலத்தில் ஏழைகளுக்கு உதவுவதாகச் சொல்லிப் பார்வையாளர்களிடம் பணம் பெற்று ஏமாற்றினார் என்பதும் போலீசாரின் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நமக்குரிய பாடம் வேறு. பணம் அனுப்பியவர்கள் அவரை நேரில் பார்த்ததில்லை. உதவி யாருக்குப் போகிறது என்று கேட்டதில்லை. ரசீது இல்லை, கணக்கு இல்லை. தெருவில் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தால் எந்த ஊர், எந்தப் பள்ளி, யார் முத்தவல்லி என்று நாம் விசாரிக்கிறோம். திரையில் கேட்டால் மட்டும் விசாரிப்பதில்லை.

4. மார்க்கத்தின் அளவுகோல்

நேரலைக்குப் பணம் கொடுப்பதெல்லாம் ஹராம் என்று நாம் சொல்லவில்லை. அது நியாயமும் அல்ல. கணக்குப் பாடமோ குர்ஆன் ஓதும் முறையோ தையலோ ஒருவர் நேரலையில் சொல்லித் தருகிறார். அதனால் பயனடைந்த ஒருவர் தன் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறார் என்றால் அதில் குறை காண ஒன்றுமில்லை. எதையும் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எதற்காகக் கொடுக்கிறோம்? ஆபாசப் பேச்சுக்கும் பிறரை இழிவு செய்யும் பேச்சுக்கும் கொடுக்கும் காசு அந்தத் தீமைக்குத் துணை போவதாகும். பாவத்திலும் வரம்பு மீறுவதிலும் ஒருவருக்கொருவர் உதவக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை (5:2).

இரண்டாவது, யாருடைய உரிமையை மீறிக் கொடுக்கிறோம்? உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடுக்கச் சொல்லும் அதே இடத்தில்தான், வீண்விரயம் செய்பவர்கள் ஷைத்தானின் சகோதரர்கள் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (17:26, 27). இரண்டும் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். வீணாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவருக்குச் சேர வேண்டியது. ஏழைக்குக் கொடுப்பது ஸதகா. ஏழையான உறவினருக்குக் கொடுப்பது ஸதகாவோடு உறவைப் பேணுவதும் ஆகும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, எந்தக் கணக்கில் கொடுக்கிறோம்? ஜகாத் யாருக்கு என்பதை அல்லாஹ்வே எட்டு வகையாகப் பிரித்துச் சொல்லிவிட்டான் (9:60). அது உரியவர் கையில் சேர வேண்டிய கடன். நேரலைப் பரிசில் நிறுவனமும் தரகரும் எடுத்துக்கொள்ளும் பங்கு ஏழையின் கைக்கு வருவதில்லை. ஆகவே ஜகாத்தை இந்த வழியில் கொடுக்காதீர்கள். ரமளானில் இப்படிக் கொடுத்து ஜகாத் கணக்கில் கழித்தவர்கள் யாரேனும் இருந்தால், பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

5. பெயருக்கு ஆசை

அந்தப் பையனின் பதிலுக்கு மீண்டும் வருவோம். அவன் காசு கொடுத்து வாங்கியது விளையாட்டை அல்ல. அதைச் சும்மாவே பார்க்கலாம். அவன் வாங்கியது தன் பெயரை.

வலது கை கொடுப்பதை இடது கை அறியாதபடி தர்மம் செய்பவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நேரலையில் இருப்பதோ அதற்கு நேர் எதிரான ஏற்பாடு. கொடுத்த தொகை, கொடுத்தவர் பெயர், கொடுத்தவர்களில் யார் முதலிடம் என்பதெல்லாம் எல்லார் கண்ணிலும் படும்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும் முன் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் நாமும் வாசிக்கிறோம். இந்த மடலில் நாமும் நன்கொடையாளர் பட்டியல் வெளியிடுகிறோம். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்கிறோம். ஆனால் அதைப் பார்த்து வளரும் பிள்ளை, கொடுத்தால் பெயர் வாசிக்கப்படும் என்றுதான் கற்றுக்கொள்கிறான். வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே. மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது இன்னும் சிறந்தது என்று குர்ஆன் சொல்கிறது (2:271). ஆகவே அடுத்த இதழிலிருந்து, விரும்பித் தெரிவிப்பவர்களின் பெயரை மட்டும் வெளியிடுவோம். மற்றவர்களுக்கு ரசீது எண்ணும் தொகையும் மட்டும் இருக்கும்.

இன்னொன்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் தன் பெயரைச் சொன்னதற்கு ஒரு பிள்ளை இத்தனை விலை கொடுத்தான் என்றால், அவனைப் பெயர் சொல்லிப் பாராட்ட வீட்டில் யாருக்காவது நேரம் இருந்ததா? அந்தச் சகோதரி இரவு பதினோரு மணி வரை குஞ்சம் கட்டுகிறார். தந்தை வெளியூரில். இது அவர்கள் குற்றம் அல்ல. ஆனால் மக்தபில், மஹல்லாவில், பெரியப்பா சித்தப்பா வீட்டில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு "எப்படி இருக்கே, என்ன படிக்கிறே?" என்று கேட்க நமக்குக் காசு தேவையில்லை.

6. வீட்டில் செய்ய வேண்டியவை

* பக்குவம் வராதவர் கையில் சொத்தை ஒப்படைக்காதீர்கள் என்றும், அநாதைகளைச் சோதித்துப் பக்குவம் கண்டபின் ஒப்படையுங்கள் என்றும் குர்ஆன் சொல்கிறது (4:5, 6). இன்று நம் சொத்தின் சாவி யுபிஐ ரகசிய எண். அதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அவசரத்துக்குச் சொல்லியிருந்தால் இன்றே மாற்றுங்கள்.
* பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி செய்யலாம். அதைப் போட்டு வையுங்கள். அங்கே சேமித்து வைத்த கார்டு இருந்தால் நீக்கிவிடுங்கள்.
* யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து பாருங்கள். மாதா மாதம் தானாகப் பணம் எடுக்கும் சந்தா ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்தலாம்.
* வாரம் ஒரு முறை, ஜும்ஆ நாளில், வங்கிக் கணக்கின் வரவு செலவைப் பாருங்கள். படிக்கத் தெரியாத தாய்மார்கள் நம் அலுவலகத்துக்குக் கைப்பேசியோடு வந்தால் பார்த்துச் சொல்வோம்.
* டிக்டாக் விதிப்படி காயின் வாங்கவும் பரிசு அனுப்பவும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகளோடு வாழும் உறவினருக்கும் இதைச் சொல்லுங்கள்.
* அனுப்பிய பணம் பொதுவாகத் திரும்ப வராது. ஆனாலும் வீட்டாருக்குத் தெரியாமல் நடந்திருந்தால், தாமதிக்காமல் அந்தச் செயலியிலோ கூகுளிலோ பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பியுங்கள். மோசடி என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.
* பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை மறைப்பான்.

7. குடும்பமாக உட்கார்ந்து பேச

இஷாவுக்குப் பின் ஒரு நாள், கைப்பேசிகளை ஓரமாக வைத்துவிட்டு, இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

அ. நூறு ரூபாய் சம்பாதிக்க நம் வீட்டில் யார், எவ்வளவு நேரம் உழைக்க வேண்டியிருக்கிறது?

ஆ. நாம் கொடுத்தது உரியவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எப்படி அறிவோம்?

இ. யாருக்கும் தெரியாமல் இந்த மாதம் நாம் செய்யக்கூடிய ஒரு தர்மம் எது?

அந்தச் சகோதரியின் மகனுக்கு டியூஷன் கட்டணம் செலுத்தப்பட்டுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கொடுத்தவர் தம் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பணம் யார் கொடுத்தது என்று பையன் கேட்டான். நாம் சொல்லவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிரித்துக் கொடுக்கிறானாம்.

மறுமையில் நம் பொருளை எப்படிச் சம்பாதித்தோம், எதில் செலவழித்தோம் என்று இரண்டையும் கேட்கப்படும். அந்தக் கேள்விக்கு நாணாமல் பதில் சொல்லும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.