இலங்கை டூர்: முழு நாள் காரா, பஸ்ஸா? தேனி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கறதால, தேனி, போடி, கம்பம் பக்கம் இருக்கறவங்களுக்கு இலங்கை ரொம்பப் பக்கத்து வெளிநாடு. ஆனா பட்ஜெட் போடும்போது விமான டிக்கெட்டுக்கும் ஹோட்டலுக்கும் நாலு இடத்துல விலை பார்க்கிறோம். உள்ளூர்ப் பயணத்துக்கு மட்டும் "டிரைவரோட கார்"னு ஒரே வரியில எழுதி முடிச்சிடறோம். காசு பத்தலைன்னு பர்சனல் லோன் பக்கம் போறதுக்கு முன்னாடி, அந்த ஒரு வரியைப் பிரிச்சுப் பார்க்கலாம்.

குமுளி தெரிஞ்சா பாதி தெரிஞ்ச மாதிரி

கம்பத்துல பஸ் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி, குமுளியில இறங்கி, எல்லையை நடந்தே கடந்து கேரளா பஸ் பிடிச்சவங்க நம்ம ஊர்ல ஏராளம். போர்டுல மலையாளம், ஆனா கண்டக்டர்கிட்ட கேட்டு ஏறிடுவோம். இலங்கையிலயும் அதே வேலைதான். இன்னும் சுலபம்னே சொல்லலாம். நிறைய பஸ் போர்டுல தமிழும் இருக்கும், நீண்ட தூர பஸ்ஸுக்கு நம்பரும் இருக்கும்:

- 187: கட்டுநாயக்க விமான நிலையம் – கொழும்பு
- 1: கொழும்பு – கண்டி
- 2: கொழும்பு – காலி
- 87: கொழும்பு – யாழ்ப்பாணம்
- 99: கொழும்பு – பதுளை

எந்த பஸ், எவ்வளவு?

சிவப்பு பஸ் அரசோடது. அங்க அதை இ.போ.ச. பஸ், சி.டி.பி. பஸ்னு சொல்லுவாங்க. மத்தது தனியார். சாதாரண பஸ் கட்டணத்தை ஒரு பங்குன்னு வெச்சா, அரை சொகுசு ஒன்றரைப் பங்கு, ஏசி சொகுசு ரெண்டு பங்கு. ஏசி வண்டி பல ரூட்ல நம்ம மினி பஸ் சைஸ்லதான் இருக்கும். பெரிய பெட்டி வைக்க இடம் கிடையாது. பெட்டி ஒரு சீட்டை அடைச்சா அந்த சீட்டுக்கும் காசு கேட்பாங்க. அதனால ஆளுக்கு ஒரு தோள்பை போதும். இதுவும் சேமிப்புதான்.

இப்போ கணக்கு

இது புரியறதுக்காகப் போட்ட உதாரணத் தொகை. நீங்க கிளம்பும்போது இருக்கற ரேட்டை இதுல மாத்திக்கோங்க. 4 பேர், 6 நாள், எல்லாம் இலங்கை ரூபாயில:

- முழுக்க கார்: 18,000 × 6 = 1,08,000
- ஊர் மாறும் 4 பயணத்துக்கு பஸ்: 500 × 4 பேர் × 4 = 8,000
- ஊருக்குள்ள ஆட்டோ: 2,400 × 5 நாள் = 12,000
- ஒரே ஒரு நாள் மட்டும் கார்: 18,000

பஸ் வழியில மொத்தம் 38,000. வித்தியாசம் 70,000. நம்ம 1 ரூபாய்க்கு அங்க 3.50 ரூபாய்னு வெச்சா, மிச்சம் 20,000 இந்திய ரூபாய். மாசம் 2,000 எஸ்ஐபி போடற குடும்பத்துக்கு இது பத்து மாசத் தவணை!

இவ்வளவு வித்தியாசம் எங்க இருந்து வருது? கார் ஓடாம நிக்கற நேரத்துக்கும் நீங்க வாடகை கொடுக்கறீங்க. பஸ்ல ஓடின தூரத்துக்கு மட்டும்தான் காசு.

ஆனா எல்லாத்துக்கும் பஸ் சரி வராது

பஸ்ஸுக்கு நீங்க நேரத்தைக் கொடுக்கணும். கொழும்பு – கண்டி சுமார் 115 கி.மீ.தான், சாதாரண பஸ்ல மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். நுவரெலியா பக்கத்துல ஹோர்ட்டன் சமவெளி வாசல் வரைக்கும் பஸ்ஸே கிடையாது. அந்த ஒரு நாள் கார் இதுக்குத்தான். சின்னமனூர்ல மேகமலை பஸ்ஸை விட்டா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? அதனால கடைசி பஸ் எப்போன்னு இறங்கின உடனே கேட்டு வெச்சுக்கோங்க. வயசானவங்க, கைக்குழந்தை கூட வந்தா, நீண்ட தூரத்துக்கு யோசிக்காம கார் எடுங்க. அது வீண் செலவு இல்லை.

ஏறும்போது ஞாபகம் வெச்சுக்க

1. முன் சீட்டு மதகுருமாருக்கு ஒதுக்கினது. அதுல உட்காராதீங்க.
2. சில்லறை கையில இருக்கட்டும். டிக்கெட் கேட்டு வாங்குங்க, மீதியை அப்பவே எண்ணிடுங்க.
3. ரெண்டு சிங்களச் சொல் போதும்: "கீயத?" (எவ்வளவு?), "பஹினவா" (இறங்கணும்).
4. ஏப்ரல் 13, 14 புத்தாண்டு சமயம் பஸ் நெரிசல் அதிகம். நம்ம ஸ்கூல் லீவும் அதை ஒட்டியே வரும். ஒரு வாரம் தள்ளிப் போங்க.
5. பாஸ்போர்ட்டும் பெரிய நோட்டும் மேல இருக்கற ரேக்ல வேண்டாம். உடம்போட இருக்கட்டும்.

இந்த வாரம் ஒரு தாள் எடுங்க. போற இடங்களை வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பஸ், ஆட்டோ, கார்னு ஏதாவது ஒண்ணை மட்டும் எழுதுங்க. கார்னு எழுதின இடத்துல எல்லாம் காரணத்தையும் எழுதணும். காரணம் கிடைக்கலைன்னா, அங்க பஸ்தான். உங்க தாள்ல எத்தனை கார் மிஞ்சுச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல பார்ப்போம்!