கலிங்கை முதலில் பார்

அன்புள்ள தம்பிக்கு,

தோட்ட முதலாளிகளின் சிறு மண் அணைகளைச் சோதிக்க அனுப்புகிறார்கள், 'இதெல்லாம் ஒரு அணையா' என்று சலித்துக்கொண்டு எழுதியிருந்தாய். ஹவாயின் கவாய் தீவில் இருந்த கா லோகோவும் அப்படிப்பட்டதுதான். கரும்புப் பாசனத்துக்காக 1890-களில் தனியார் எழுப்பிய மண் அணை. அரசு ஏட்டில் 'குறைந்த ஆபத்து' வகை. 2006 மார்ச் 14 அன்று, விடியுமுன் உடைந்தது. கீழே இருந்தவர்களில் 7 பேர் செத்தார்கள். வாரக்கணக்கில் மழைதான், ஆனால் விசாரணையில் அடிபட்டது கலிங்கு, மிகுதி நீர் வழிந்தோடும் வாய். அதை மண் போட்டு மூடிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

ஆகவே போனதும் கலிங்குக்குப் போ. முதலாளி உன்னை மதகுக்குத்தான் கூட்டிப்போவார், புதுச் சக்கரம் போட்டதைக் காட்டுவார். பார்த்துக்கொள், பாராட்டு. பிறகு கலிங்கில் நின்று பார். மீன் ஓடாமல் இருக்க வலை கட்டியிருப்பார்கள். முதல் வெள்ளத்தில் சருகும் மட்டையும் வந்து அதை அடைத்துவிடும். கோடைக்கு அரை அடி தண்ணீர் கூடுதலாக நிற்கட்டும் என்று மணல் மூட்டை அடுக்கியிருப்பார்கள். ஆசைதான், வேறென்ன. கலிங்கு அடைபட்டால் தண்ணீர் கரைமேல் ஏறும். கல் அணை மேல் தண்ணீர் வழிந்தால் தாங்கக்கூடும். மண் கரை தாங்காது. பின்சரிவு அரிபட்டு, சில மணி நேரத்தில் கரையே போய்விடும்.

அடுத்து கரையடி. கசிவு இல்லாத மண் அணை கிடையாது, ஈரத்தைக் கண்டு பயப்படாதே. கசிவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டு. தெளிவாக இருந்தால் அளவைக் குறித்துக்கொள், அடுத்த முறை ஒப்பிடலாம். கலங்கலாக இருந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது. அன்றே சொல்லிவிட வேண்டிய சேதி. மதகுக் குழாயை ஒட்டி வரும் கசிவை இன்னும் கூர்ந்து பார். நீர்மட்டத்தைக் குறைக்கச் சொல்லும்போது மெதுவாகக் குறைக்கச் சொல். சட்டென்று வடித்தால் நனைந்த உள்சரிவு சரியும்.

நம் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவற்றையும்தான் தொடுகிறது. நீ பார்க்கப்போவதில் பெரும்பாலானவை அதற்கு வெளியே. உயரத்தை அளந்துவிட்டுத் திரும்பிவிடாதே. ஓடை போகும் வழியே கீழே நடந்து போ. போன வருஷம் இல்லாத கூலிவீடுகள் இருக்கும். அணை அப்படியே இருக்க, ஆபத்து மட்டும் வளர்ந்திருக்கும். அவற்றை வரைபடத்தில் குறி.

அறிக்கையில் மறக்காமல் ஒன்று எழுது: ராத்திரி மழை பிடித்தால் மதகைத் திறப்பது யார், சாவி யாரிடம், கீழ்வீடுகளுக்குச் சொல்வது யார். காவலாளி லீவில் போனால் யார் என்றும் கேள்.

அன்புடன்,
அண்ணன்