விமானத்தில் புகை வாடை வந்தால்

அடுப்படியில் ஏதோ கருகுகிறது. வாடை வருகிறது. நாம் என்ன செய்வோம்? அடுப்பை அணைப்போம். சன்னலைத் திறப்போம். புகை அதிகமானால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவோம்.

பறக்கும் விமானத்தில் சன்னலைத் திறக்க முடியாது. வெளியே ஓடவும் முடியாது. அப்படியானால் அங்கே வேலை செய்பவர்கள் என்ன செய்வார்கள்? உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தைப் படிப்போம்.

1983ஆம் ஆண்டு, ஜூன் மாதம் 2ஆம் நாள். ஏர் கனடா விமானம் ஒன்று அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலிருந்து கனடாவின் டொரான்டோ நகருக்குப் பறந்துகொண்டிருந்தது. பயணிகள் 41 பேர். விமானிகள் இரண்டு பேர். பணியாளர்கள் மூன்று பேர். உயரம் 33,000 அடி.

மாலை சுமார் 7 மணி. ஒரு பயணிக்கு விநோதமான வாடை அடித்தது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னார். பணிப்பெண் பின்பக்கக் கழிப்பறையைத் திறந்தார். உள்ளே சாம்பல் நிறப் புகை. தீ கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னொரு பணியாளர் தீயணைக்கும் கருவியைக் கொண்டுவந்து உள்ளே அடித்தார். பிறகு கதவை மூடினார்கள். பயணிகளை முன்பக்க இருக்கைகளுக்கு மாற்றினார்கள்.

புகை கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. "குறைகிறது" என்று தலைமை விமானியிடம் சொன்னார்கள். அவரும் நம்பினார். ஆனால் தீ அணையவில்லை. சுவர்ப் பலகைக்குப் பின்னால் மறைந்து எரிந்துகொண்டிருந்தது.

துணை விமானி பின்னால் போனார். கழிப்பறைக் கதவைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. "திறக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அது சரியான முடிவு. திறந்தால் காற்று உள்ளே போகும், தீ வளரும். உடனே கீழே இறங்க வேண்டும் என்று விமானிகள் முடிவு செய்தார்கள். புகை பற்றிய முதல் தகவல் விமானிக்குக் கிடைத்து, அபாய அறிவிப்புக் கொடுப்பதற்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. அந்த நிமிடங்கள்தான் வீணாயின.

பணியாளர்கள் ஈரத் துண்டுகளைக் கொடுத்தார்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொன்னார்கள். இறக்கைப் பக்கக் கதவை எப்படித் திறப்பது என்று திடமான பயணிகள் சிலருக்குக் காட்டிக் கொடுத்தார்கள்.

7.20 மணிக்கு விமானம் சின்சினாட்டி விமான நிலையத்தில் இறங்கியது. கதவுகள் திறந்தன. 18 பயணிகளும் ஐந்து ஊழியர்களும் வெளியே வந்தார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே தீ குபீரென்று பரவியது. மீதி 23 பேர் இறந்துபோனார்கள். விமானம் பத்திரமாகத் தரையில் நிற்கிறது. ஆனாலும் உயிர் போயிற்று. இதைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை.

இதற்குப் பிறகு விதிகள் மாறின. கழிப்பறையில் புகையைக் கண்டுபிடிக்கும் கருவி வைத்தார்கள். புகையில் தவழ்ந்து போகிறவருக்கும் வழி தெரிய, தரையோரம் விளக்குகள் வைத்தார்கள். சிலர் கழிப்பறையில் திருட்டுத்தனமாக சிகரெட் பிடிக்க அந்தக் கருவியை மூடப் பார்க்கிறார்கள். அது குற்றம். எத்தனை பேர் உயிரோடு விளையாடுகிறார்கள், பாருங்கள்!

இப்போது புகையோ நெடியோ வந்தால் விமானிகள் முதலில் தங்கள் முகமூடியை மாட்டிக்கொள்வார்கள். அதில் சுத்தமான ஆக்சிஜன் வரும். அவர்கள் மயங்கினால் விமானத்தை யார் இறக்குவது? பிறகு பணியாளர்களிடம் கேட்பார்கள். எங்கே வருகிறது? என்ன நிறம்? என்ன வாடை? பெரும்பாலான விமானங்களில் உள்ளே வரும் காற்று எஞ்சின் வழியாக வருகிறது. எஞ்சின் எண்ணெய் கசிந்து காற்றில் கலந்தால் அழுக்குக் காலுறை போல நாறும். அப்போது எந்தப் பக்கக் காற்று கெட்டது என்று ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பார்கள். காரணம் தெரியட்டும் என்று காத்திருக்க மாட்டார்கள். பக்கத்து விமான நிலையத்தை நோக்கித் திரும்பிவிடுவார்கள்.

பலருக்கு ஒரு சந்தேகம் வரும். தலைக்கு மேலே முகமூடி இருக்கிறதே, அதைத் தரக் கூடாதா? அது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் போட்டுக்கொள்வது. அதில் ஆக்சிஜனோடு விமானத்துக்குள் உள்ள காற்றும் கலந்து வரும். புகையும் சேர்ந்தே வரும். ஆக்சிஜன் தீயையும் வளர்க்கும். அதனால்தான் புகைக்கு அது உதவாது. ஈரத் துணியும், குனிந்து இருப்பதுமே உதவும்.

செல்போனோ பவர் பேங்கோ சூடாகிப் புகைந்தால் ஒளிக்காதீர்கள். உடனே பணியாளரைக் கூப்பிடுங்கள். அவர்கள் தீயை அணைத்து, தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். பவர் பேங்கைச் சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அங்கே தீப்பிடித்தால் யார் பார்ப்பது?

பேசிப் பாருங்கள்: துணை விமானி ஏன் கதவைத் திறக்கவில்லை? அந்தப் பயணி வாடையைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?