விண்டேஜ் காருக்கு நம்பர் வாங்கப் போகிறீர்களா?

50 வயது தாண்டிய கார், பைக்குகளை ‘விண்டேஜ்’ எனத் தனியாகப் பதிவு செய்யும் வழியை மத்திய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தது. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, தாத்தா ஓட்டிய அம்பாஸடரோ ஷெட்டில் நின்றால், விண்ணப்பிக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

- வயதைக் கணக்கிடும்போது தயாரிப்பு ஆண்டைப் பார்க்காதீர்கள். முதல் விற்பனைக்குப் பின் முதன்முதலில் பதிவான தேதியைப் பாருங்கள்.
- பழைய ஆர்.சி. புக்கைத் தேடி எடுங்கள். அதுதான் வண்டியின் ஜாதகம். அதிலுள்ள இன்ஜின், சேசிஸ் எண்கள் வண்டியில் இருப்பவையோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள்.
- படிவம் 20-உடன் இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி. ஆகியவற்றை இணையுங்கள். இறக்குமதியான கார் என்றால் சுங்கத்துறையின் ‘பில் ஆஃப் என்ட்ரி’யும் வேண்டும்.
- பணத்தைத் தயாராக வையுங்கள். முதல் பதிவுக்கு ரூ.20,000, பதிவு 10 ஆண்டுகள் செல்லும். பிறகு மறுபதிவுக்கு ரூ.5,000.
- பழைய நம்பரை விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே பதிவான வண்டிக்கு அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்.எக்ஸ். என்று தொடங்கும் பலகை இருந்தால் அதுவே கௌரவம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் மாநிலக் குறியீட்டை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும்.

செய்யக்கூடாதவை

- இன்ஜினையோ சேசிஸையோ பாடியையோ மாற்றாதீர்கள். மைலேஜுக்காக பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் பொருத்திய அம்பாஸடர்கள் நம் ஊரில் ஏராளம். அவை இந்தப் பதிவுக்குத் தகுதி பெறா.
- ‘ரெஸ்டோர்’ செய்கிறேன் என்று மெக்கானிக்கிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடாதீர்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
- வாடகைக்கு விடாதீர்கள். ஜானவாச ஊர்வலத்துக்கு யார் கேட்டாலும் காசு வாங்கிக்கொண்டு அனுப்ப முடியாது. வணிகப் பயன்பாட்டுக்குத் தடை.
- தினசரி ஓட்டத்துக்கு எடுக்காதீர்கள். கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் அனுமதி.
- பெருமைக்காக மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். இன்றும் அதே காரில்தான் ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிறீர்கள் என்றால், சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டுவதே உங்களுக்குச் சரி.