செக்கு வாடகையும் கரடித் தோலும்

கே: என் மகன் நாள் முழுக்க 'கால்', 'புட்' என்று கைபேசியே கதியாகக் கிடக்கிறான். இந்த ஆப்ஷன் வியாபாரம் எப்போது வந்தது?

ப: பங்குச் சந்தைக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. ஆப்ஷனுக்கு முதல் உதாரணமாகப் பலரும் காட்டுவது அரிஸ்டாட்டில் தன் 'அரசியல்' நூலில் எழுதியிருக்கும் ஒரு கதையை. மிலேட்டஸ் நகரத்துத் தத்துவஞானி தேலீஸ் ஏழை. "உன் தத்துவத்தால் என்ன பயன்?" என்று ஊரார் இடித்துரைத்தார்கள். அவரோ வானத்தைப் பார்த்து, வரும் பருவத்தில் ஆலிவ் அமோகமாய் விளையும் என்று கணித்தார். குளிர்காலத்திலேயே கொஞ்சம் பணம் கொடுத்து, மிலேட்டஸிலும் கியோஸிலும் இருந்த செக்குகளையெல்லாம் தன் பெயருக்குப் பேசிவைத்தார். போட்டிக்கு ஆளில்லை, வாடகையும் மலிவு. அறுவடையில் எல்லாரும் செக்குக்கு ஓடிவந்தபோது, அவர் வைத்ததுதான் விலை.

ஆப்ஷன் என்பது, பேசிய விலையில் குறித்த காலத்துக்குள் வாங்கவோ விற்கவோ கிடைக்கும் உரிமை. தேலீஸ் கொடுத்த முன்பணம்தான் இன்றைய பிரீமியம். பேசிவைத்த வாடகை, ஸ்ட்ரைக் விலை. அறுவடைக் காலம், எக்ஸ்பைரி. நம் ஊர் நில அச்சாரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: அச்சாரம் விலையில் கழியும், பிரீமியம் கழியாது. வாங்கும் உரிமை கால், விற்கும் உரிமை புட். பம்பாயில் இவற்றையே 'தேஜி', 'மந்தி' என்றார்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்ஷனைத் தடைசெய்தது. 1995இல் தடை நீங்கி, 2001இல் அது நம் சந்தைக்கு முறையாகத் திரும்பியது.

மகனிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ஆப்ஷனை வாங்குகிறானா, விற்கிறானா? வாங்கினால் பிரீமியத்தோடு நஷ்டம் நின்றுவிடும். கையில் பங்கில்லாமல் கால் விற்றால் நஷ்டத்துக்கு எல்லையே இல்லை. வாங்குவதும் பத்திரமானதல்ல, பிரீமியம் முழுவதுமே போகலாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. தேலீஸ் செக்குகளைப் பேசியது ஒரே ஒரு பருவத்துக்கு, தினமும் அல்ல.

கே: விலை இறங்கினால் ஏன் 'கரடி'?

ப: கரடியைப் பிடிக்கும் முன்பே தோலை விற்காதே என்பது ஐரோப்பியப் பழமொழி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கையில் இல்லாத பங்கை விற்றுவிட்டு, விலை இறங்கியபின் வாங்கிக் கொடுக்கலாம் என்று காத்திருந்தவர்களை லண்டன்காரர்கள் கரடித்தோல் வியாபாரிகள் என்றார்கள். அதற்கு எதிர்ச்சொல்லாக, விலை ஏறும் என்று நம்புபவரைக் குறிக்கப் பின்னால் வந்ததுதான் காளை.