நெய்தற் சித்திரம்

நிலக்காட்சி வரைதல் என்பது கண்டதைக் கண்டவாறே தாளிற் பெயர்த்து வைத்தலேயாம் எனப் பலரும் எண்ணுவர். அஃது அவ்வளவில் அமைவதன்று. வரைவோன் எதனைக் கொள்கின்றான், எதனை விடுகின்றான் என்பதிலேயே சித்திரத்தின் பொருள் அடங்கியுளது. இவ்வுண்மையை எமது பிழையொன்றினால் யாம் அறிந்தோம்.

சென்ற விடுமுறையில், கேளம்பாக்கத்தையடுத்த உப்பங்கழிக் கரையில் அமர்ந்து, நீரையும் பனைகளையும் மாலை வானையும் தீட்டினோம். அவ்வழி வந்த முதியவரொருவர், இளமையில் உப்புப் பாத்திகளில் உழைத்தவர், அதனை நெடுநேரம் நோக்கி, “எல்லாம் இருக்குது தம்பி, உப்பளம் எங்கே?” என்றார். யாம் நாணினோம். பாத்திகள் அழகற்றவை எனக் கருதி அவற்றை விலக்கியிருந்தோம்.

நம் அகப்பொருள் இலக்கணம் இப்பிழையைச் செய்திலது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, மரம், புள், தொழில் முதலியன கருப்பொருள். இவற்றோடு இயைந்த உள்ளத்துணர்வு உரிப்பொருள். நெய்தலுக்கு எற்பாடும் புன்னையும் உப்பு விளைத்தலும் இரங்கலும் உரியன. புன்னையெனக் கூறிய அளவிலே பிரிந்தாள் ஒருத்தியின் இரக்கம் கற்போர் நெஞ்சில் எழும். தொழிலும் மாந்தரும் அற்ற வெறுநிலத்தை நம் முன்னோர் திணையெனக் கொண்டிலர்.

இக்கடற்கரையிலேயே, தெற்கே மாமல்லபுரத்திற்கு, 1793-இல் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் வந்தனர். இருட்பெட்டியில் விழும் உருவத்தைப் பின்பற்றி வரையும் முறையை அவர்கள் கையாண்டனர். அவர்தம் படங்கள் அச்சேறியபின் அவ்வூர்ப் பாறைக் கோயில்கள் மேல்நாட்டார் உள்ளத்தில் நிலைத்தன. இன்றும் மாமல்லபுரம் என்றால் நமக்குக் கற்கோயிலும் அலையும் தோன்றுகின்றனவேயன்றி, உப்பு விளைத்தோர் தோன்றுவதில்லை. வரையப்பட்டது நினைவாகின்றது, விடப்பட்டது மறதியாகின்றது.

பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கும் கணினி நிறுவனங்களின் நெடுமாடங்கள் எழுந்துவிட்டன. நாளை இவ்வூரின் பழந்தொழிலை அறிய விரும்புவோர்க்கு ஒரு சித்திரமே சான்றாக நிற்றலும் கூடும்.

மறுநாள் வரப்பும் வாய்க்காலும் உப்புக் குவியலும் அமைய மீண்டும் வரைந்து அம்முதியவரிடம் காட்டினோம். அவர் புகழ்ந்தாரல்லர். “வாய்க்கால் இந்தப் பக்கம்” எனத் தம் விரலாற் காட்டினார். அவ்விடத்தை அழித்துத் திருத்தினோம். மாணவ நண்பர்களே, தத்தம் ஊரை வரையப் புகுமுன் அவ்வூரில் உழைத்த முதியோரை ஒருகால் வினவுமின்.