நீர்வாயில் காக்கும் மோப்ப நாய்

திண்டுக்கல் என்றவுடன் பிறவூரார்க்கு நினைவில் எழுவன மலைக்கோட்டையும் பூட்டுமே. நம் நகரத்துக் கம்மியர் கையாற் செய்யும் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டின் பயனை அறிந்த இவ்வூரார்க்கு ஓர் உண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கள்வன் உட்புகுமுன் பூட்டுவதே காவல். புகுந்தபின் பூட்டுவது அவனுக்கே காவலாய் முடியும். ஏரி குளங்கட்கும் இவ்வுண்மை பொருந்தும். அயல்நாட்டு உயிரொன்று ஒரு நீர்நிலையிற் குடியேறி இனம் பெருக்கிவிட்டதாயின், அதனை வெளியேற்றுதல் பெரும்பாலும் இயலாது. ஆகவே வாயிலிலேயே நின்று அதனைக் கண்டறிவார் வேண்டும். அவ்வேலைக்கு வடஅமெரிக்காவில் மக்கள் நாயைத் துணைக்கொண்ட வரலாற்றையும், அதனால் நாம் கற்கத்தக்க பாடத்தையும் இக்கட்டுரையிற் சுருங்கக் கூறுவாம்.

வரிச்சிப்பி எனத்தக்க சிறு நன்னீர்ச் சிப்பி ஒன்றுண்டு. ஓட்டின்மேல் வரிக்குதிரையின் கோடுகள் போன்ற வரிகள் இருத்தலின் அதற்கு அப்பெயர் வந்தது. கருங்கடல், காஸ்பியன் கடல் ஆகியவற்றைச் சார்ந்த நீர்ப்பரப்புகளே அதன் தாயகம். வளர்ந்த சிப்பியும் பெரும்பாலும் நம் கட்டைவிரல் நகத்தினும் மிகப் பெரிதன்று. ஆயினும் ஒரு பெண் சிப்பி ஓராண்டிற் பத்து இலட்சம் முட்டைகள் வரை இடவல்லது. பட்டுநூல் போன்ற இழைகளைச் சுரந்து, கல், மரம், இரும்பு, குழாய் ஆகிய எதன்மேலும் அஃது ஒட்டிக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படரும். ஐரோப்பாவினின்று வந்த கப்பல்கள், சரக்கில்லாக் காலத்து நிலைப்பிற்காக ஏற்றிவரும் நிறைநீரின் வழியே அமெரிக்கா புகுந்த இச்சிப்பி, 1988ஆம் ஆண்டிற் செயின்ட் கிளேர் ஏரியிற் காணப்பட்டது. அடுத்த ஆண்டே மிச்சிகன் மாநிலத்து மன்றோ என்னும் நகரில், குடிநீர் எடுக்கும் குழாய் இச்சிப்பித் திரளால் அடைபட்டு, ஊரார் நீரின்றித் தவித்தனர். ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்தினின்று வரும் நீரை எதிர்நோக்கும் நம் நகரத்தார்க்கு அவர்தம் இடர் எளிதில் விளங்கும்.

இச்சிப்பியும், இதன் நெருங்கிய உறவாகிய குவாகா சிப்பியும் ஓரேரியிலிருந்து தொடர்பற்ற மற்றோர் ஏரிக்குச் செல்வது எங்ஙனம்? அந்நாட்டில் மக்கள் பொழுதுபோக்கிற்காகச் சிறு படகுகளை வைத்துள்ளனர். அவற்றைச் சக்கரவண்டியில் ஏற்றி, மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி, நூற்றுக்கணக்கான மைல் கடந்து வேறு ஏரியில் இறக்குவர். ஈரமும் குளிர்ச்சியும் உள்ளவிடத்து வளர்ந்த சிப்பி நீரின்றியும் பல நாள் உயிர்தாங்கும். ஆகவே படகே அதற்கு ஊர்தியாயிற்று. 2007ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிற் பேரேரிகட்கு மிகத் தொலைவிலுள்ள மீட் ஏரியிற் குவாகா சிப்பி காணப்பட்டது. படகொன்றின் வாயிலாகவே அஃது அங்குச் சென்றிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் துணிபு.

இதன்பின் சாலையோரங்களிற் சோதனைச் சாவடிகள் அமைத்துப் படகுகளை நிறுத்திப் பார்க்கலாயினர். ஆனால் மனிதக் கண்ணுக்கு இஃது எளிய வேலையன்று. புதிதாய் ஒட்டிய குஞ்சுச் சிப்பி மணலளவே இருக்கும். படகின் அடியை விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அவ்வளவே அதன் அடையாளம். வளர்ந்தனவோ நங்கூரத்தின் இடுக்கிலும், கயிற்றுச் சுருளிலும், பொறியின் நீர்வழியிலும், வண்டியின் சட்டத்திற்குள்ளும் மறைந்து கிடக்கும். வெயிலில் நாள்முழுதும் படகுகளின் அடியிற் குனிந்து பார்ப்பவன் கண் அயர்தல் இயல்பு. ஒரு படகு தப்பினாலும் ஓரேரி கெடலாம்.

இங்கேதான் நாயின் உதவி வேண்டப்பட்டது. மனிதன் மூக்கில் மணத்தை உணரும் அணுக்கள் ஐம்பது அறுபது இலட்சம் என்றால், நாயினத்துட் சிலவற்றிற்கு அவை இருபது கோடிக்கு மேலாம் என்பர். நாம் கண்ணாற் காண்பதை நாய் மூக்காற் காண்கின்றது என்று கூறினும் பிழையாகாது. வெடிமருந்தையும் கஞ்சாவையும் கண்டறியும் நாய்க்குச் சிப்பியின் மணமும் மற்றொரு மணமே. இதனை உணர்ந்த கலிபோர்னியா மாநிலத்தார், மீட் ஏரிச் செய்திக்குப் பின்னர்த் தம் வனவிலங்குத் துறையின் நாய்களை இவ்வேலைக்குப் பழக்கினர். கானடா நாட்டு ஆல்பர்ட்டா மாகாணத்தார் தம் ஏரிகளில் இச்சிப்பி குடியேறுமுன்னரே விழித்துக்கொண்டனர். முதலில் நாய்களை வரவழைத்துச் சோதித்துப் பார்த்து, 2015ஆம் ஆண்டளவில் தமக்கென நாய்களை வைத்துக்கொண்டனர். அச்சோதனையில் மனிதர் காணத் தவறியவற்றையும் நாய்கள் கண்டன. அதுவும் விரைவிற் கண்டன.

பயிற்சியின் முறை எளிது, பொறுமையே அரிது. விளையாட்டில் தணியாத வேட்கையுள்ள நாயையே தேர்ந்தெடுப்பர். முதலிற் சிப்பியின் மணத்தையும் அதற்கு மிக விருப்பமான பந்தையும் இணைத்துக் காட்டுவர். மணம் உள்ள இடத்தைக் கண்டவுடன் பந்து கிடைக்கும் என்பதை அது சில நாளில் உணரும். பின்னர் ஒரே மாதிரியான பல பெட்டிகளுள் ஒன்றிலும், அதன்பின் படகுகளிலும் மணத்தை மறைத்து வைத்துத் தேடவிடுவர். மீன், பாசி, எண்ணெய், சேறு ஆகியவற்றின் மணத்தைப் பொருட்படுத்தாமல் விடவும் பழக்குவர். சிப்பி உள்ள இடத்தை அறிந்தால், குரைத்தலும் பிறாண்டலும் செய்யாது அமைதியாக உட்காருமாறு கற்பிப்பர். அங்ஙனம் உட்கார்ந்த இடத்தை மனிதர் சென்று ஆராய்வர். சிப்பி இருப்பின், நன்கு சூடேறிய வெந்நீரை விசையுடன் பாய்ச்சி அதனைக் கொன்று கழுவியபின்னரே படகை விடுவர்.

நாயை அளவிறந்து புகழ்தலும் தகாது. அதுவும் களைப்படையும், சிறிது நேரம் தேடினால் சிறிது நேரம் ஓய்வு வேண்டும். கடுவெயிலில் இளைக்கும் நாய் நாவை நீட்டி மூச்சு வாங்குமேயன்றி நன்கு மோப்பம் பிடிக்காது. தன்னை நடத்துவோன் முகக்குறிப்பைப் பார்த்து, இல்லாத இடத்தில் உட்கார்தலும் உண்டு. ஆகவே நடத்துவோனுக்கும் தெரியாமல் மணத்தை மறைத்து வைத்து அடிக்கடி சோதித்தல் வேண்டும். நாயின் வேலை கண்டு சொல்லுதல். தீர்த்தல் மனிதன் கடமை.

இனி நம் நாட்டை நோக்குவாம். சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டுப் பகுதியிலும் அமெரிக்கக் கண்டத்துச் சிப்பியொன்று அண்மை ஆண்டுகளிற் பரவியது. மீனவர் அதனைக் ‘காக்கா ஆழி’ என்பர். அஃது உவர்நீரில் வாழ்வது. கப்பல்களின் வழியே வந்திருத்தல் கூடும் என்பது ஆராய்வார் கருத்து. கழிமுகத்தின் அடிச்சேற்றைப் பாய் விரித்தாற்போல் அது மூடிவிட்டது. அச்சேறே இறாலின் உறைவிடம். அதிற் கையால் துழாவி இறால் பிடித்தலே அங்குள்ள எளிய குடும்பங்கட்கு அன்றாடச் சோறு. சேறு மூடப்படவே இறால் அருகியது. துழாவும் கையையும் மிதிக்கும் காலையும் ஓடு கிழிக்கின்றது. இச்செய்தி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்னும் சென்றது. எனினும் பரந்த கழிமுகத்தின் அடியிற் படிந்ததனைச் சுரண்டியெடுப்பது எத்துணைப் பொருட்செலவும் உழைப்பும் வேண்டுவது! இந்நிலையில் நாயும் என் செய்யும்? எங்கும் உள்ளதனைத் தேட மோப்பம் வேண்டுவதில்லை.

காலத்திற் கண்டறிவதன் பயனை மற்றொரு சிப்பியின் கதை காட்டும். கருவரிச் சிப்பி எனத்தக்க ஓரினம் 1967ஆம் ஆண்டளவில் விசாகப்பட்டினத் துறைமுகத்திற் காணப்பட்டது, பெருகியது, நிலைத்துவிட்டது. அதே இனம் 1999ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் படகுத்துறையில் தோன்றியது. அங்கு நாய் இல்லை; நீரில் மூழ்கித் துறையை ஆராய்ந்தோர் அதனைக் கண்டனர். உடனே துறையின் மதகுகளை அடைத்தனர். குளோரினும் துத்தமும் கலந்து நீரை மருந்தாக்கினர். அத்துறையினின்று வெளிச்சென்ற படகுகளை நூற்றுக்கணக்கில் தேடிப்பிடித்துச் சோதித்தனர். சில வாரங்களில் அச்சிப்பி அடியோடு அழிந்தது. சிப்பி ஒன்றே, முடிவோ இரண்டு. இடையே நின்ற வேறுபாடு, காலத்திற் கண்டதும் மூடத்தக்க மதகு இருந்ததுமே.

கடலுக்கு அப்பாற்பட்ட திண்டுக்கற் சமவெளிக்கு இதனால் என்னை என்பார்க்கு ஒரு மறுமொழி உண்டு. காக்கா ஆழி நம் நன்னீர்க் குளங்களில் வாழாது, அது மெய்யே. ஆனால் அயலுயிர்க்குக் கடல் ஒன்றே வழியன்று. நத்தத்தை அடுத்த கரந்தமலைப் பக்கத்துச் சிற்றூர்களில், 2022ஆம் ஆண்டில், மஞ்சள் பைத்திய எறும்புகள் திரள்திரளாய்ப் பெருகி, ஆடுமாடுகளின் கண்ணில் அமிலத்தைப் பீய்ச்சி வருத்த, ஊரார் மேய்ச்சலை விட்டு விலக நேர்ந்ததை நாம் கேட்டோம். நம் குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும் தென்னமெரிக்காவினின்று வந்ததே. உலகிற் பெருந்தீங்கு விளைக்கும் அயலுயிர்கள் நூறு எனத் தொகுத்த பட்டியலில், வரிச்சிப்பி, இவ்வெறும்பு, ஆகாயத்தாமரை ஆகிய மூன்றும் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் இரண்டு நம் இல்லத்துள் ஏற்கெனவே புகுந்துவிட்டன.

நம் நாட்டில் மோப்ப நாய்க்குக் குறைவில்லை. புலித்தோல், எலும்பு முதலியவற்றைக் கடத்துவோரைப் பிடிக்க 2008ஆம் ஆண்டு முதல் நாய்களைப் பழக்கி வனத்துறையார்க்கு அளித்து வருகின்றனர். அவ்வாறே அயலுயிர்களைத் துறைமுகத்திலும் மரக்கிடங்கிலும் தேடவும் நாய்களைப் பழக்குதல் இயலும். பிரிஸ்பேன் நகரை அடுத்துத் தீயெறும்பின் புற்றுகளை நாய்கள் கண்டுபிடித்தல் இதற்குச் சான்று. ஆனால் நாய் வரும்வரை நாம் கைகட்டி இருத்தல் வேண்டா. ஒரு குளத்திற் பயன்படுத்திய பரிசலையும் வலையையும் மறு குளத்திற்குக் கொண்டுசெல்லுமுன் சேறும் வேரும் போகக் கழுவி, தேங்கிய நீரைக் கரையிலேயே கொட்டி, நம் வெயிலில் நன்கு உலர்த்துதல் எவர்க்கும் எளிது. கண்ணாடித் தொட்டியில் வளர்த்துச் சலித்த அயல்மீனை இரக்கத்தாற் குளத்தில் விடுதல் இரக்கமன்று. ஆய்வுக்காகக் கடற்கரை செல்லும் நம் மாணவரும் உயிருள்ளவற்றைக் கொணர்ந்து இங்குள்ள நீரில் விடாதிருத்தல் வேண்டும். இதுவரை காணாத சிப்பியோ செடியோ பூச்சியோ கண்ணிற்பட்டால், பிடுங்கி எறிந்து போகாமல், இடத்தையும் நாளையும் குறித்து ஆசிரியர்க்கோ அரசினர்க்கோ அறிவித்தல் வேண்டும்.

சாவடியிற் காவல் நிற்கும் நாய் நூறு படகைத் தேடித் தொண்ணூற்றொன்பதில் ஒன்றும் காணாது திரும்பும். அதனை வீண் உழைப்பு என்பார் உளர். ஒன்றும் காணாமையே அக்காவலின் பயன் என்பதை எண்ணூரின் வெறுங்கூடைகள் நமக்கு உணர்த்துகின்றன. கண்கெட்ட பின் செய்யும் சூரிய நமஸ்காரத்தால் ஆவதென்ன? நம் ஆத்தூர் நீர்த்தேக்கமும், ஊர்தோறும் உள்ள குளங்களும் இன்னும் பெரிதும் நம் கையில் உள்ளன. அவற்றின் வாயிலில் விழித்திருப்பது நம் தலைமுறையின் கடன் ஆகும்.